சுகர் மாத்திரையால கிட்னி போயிடுமா? அம்மா நிறுத்திட்டாங்க, எப்டி சொல்லி புரியவெக்கறது?

ஏப்ரல் 19, காலை 8.15
கேட்டவர்: ஆம்பூர் தம்பி

அம்மாவுக்கு வயசு 58. ஒம்போது வருஷமா சுகர், மெட்ஃபார்மின் ரெண்டு வேளை சாப்ட்டுகினு இருந்தாங்க. ரெண்டு மாசம் முன்னாடி எங்க அத்தை ஃபேமிலி குரூப்ல ஒரு வீடியோ போட்டாங்க, சுகர் மாத்திரை சாப்ட்டா பத்து வருஷத்துல கிட்னி போயிடும்னு வெள்ளை கோட்டு போட்ட ஒருத்தர் சொல்றார். அன்னிக்கே அம்மா மாத்திரைய நிறுத்திட்டாங்க. இப்ப காலைல ஆவாரம்பூ தண்ணி, ராத்திரி வெண்டைக்காய் ஊறவெச்ச தண்ணி, அவ்ளோதான். நான் கத்தினா பேசவே மாட்டேன்றாங்க. நெஜமாவே அந்த மாத்திரை கிட்னிய கெடுக்குமா?

ஏப்ரல் 19, இரவு 10.40
குடியாத்தம் மெடிக்கல் அக்கா

கெடுக்காது. கிட்னிய கெடுக்கறது ரத்தத்துல ஏறி நிக்கற சுகரும் பிரஷரும்தான். கிட்னிக்குள்ள ரத்தத்த வடிகட்டற மெல்லிசான சல்லடை இருக்கு, வருஷக்கணக்கா சுகர் கட்டுக்குள்ள இல்லன்னா அது பழுதாகி புரதம் மூத்திரத்துல ஒழுக ஆரம்பிக்கும். வலி எதுவும் இருக்காது, அதனால யாருக்கும் தெரியறதில்ல.

நான் டாக்டர் இல்ல தம்பி. குடியாத்தத்துல மெடிக்கல் கடைல 22 வருஷமா கவுன்டர்ல நிக்கறேன். இந்த பயம் எங்க இருந்து வருதுன்னு மட்டும் எனக்கு நல்லா தெரியும். ஒருத்தர் பத்து வருஷமா மாத்திரை வாங்குவார், ஆனா சாப்பாட்டுல கட்டுப்பாடு இருக்காது, டெஸ்டும் எடுக்க மாட்டார். ஒருநாள் கால் வீங்கும், டெஸ்ட் எடுத்தா கிரியாட்டினின், அதாவது கிட்னி வடிகட்ட வேண்டிய கழிவு, ரத்தத்துல ஏறி இருக்கும். கிட்னி ரொம்ப வீக்கா இருந்தா மெட்ஃபார்மின் உடம்புல தங்கிடும், அதனால டாக்டர் அத குறைப்பார், இல்ல நிறுத்திட்டு வேற எழுதுவார். வீட்ல இருக்கறவங்க கண்ணுக்கு என்னா தெரியுது? பத்து வருஷம் இந்த மாத்திரை சாப்ட்டார், கிட்னி போச்சு, டாக்டரே இந்த மாத்திரைய நிறுத்தச் சொல்லிட்டார். அப்ப மாத்திரைதான காரணம்? அவங்க பொய் சொல்லல, கண்ணால பாத்தததான் சொல்றாங்க. எது முன்ன எது பின்னன்றதுலதான் தப்பு.

எனக்கு வயிறெரியற விஷயம் வேற ஒண்ணு இருக்கு. சுகர் மாத்திரை கிட்னிக்கு ஆகாதுன்னு வேணாம்னவங்களே அடுத்த நிமிஷம் முட்டி வலிக்கு டைக்ளோஃபெனாக் ஒரு அட்டை குடுன்னு கேப்பாங்க, சீட்டு கேட்டா கோவம் வரும். கிட்னி பத்தி பயப்படணும்னா, டாக்டர் சொல்லாம மாசக்கணக்கா தினம் முழுங்கற வலி மாத்திரைக்குதான் பயப்படணும். அத பத்தி எந்த குரூப்லயும் ஒரு வீடியோ வந்து நான் பாத்ததில்ல.

அம்மாகிட்ட வாதாடாத. வெறும் வயித்து சுகர், எச்பிஏ1சி (மூணு மாச சுகர் சராசரி), கிரியாட்டினின், மூத்திரத்துல ஆல்புமின்ற புரதம், இத மட்டும் எடுக்க வெச்சுடு. "உன் கிட்னி நல்லா இருக்கான்னு பாக்கலாம் வாம்மா"ன்னு கூப்டு. அவங்க பயமே அதுதான, வருவாங்க.

ஏப்ரல் 20, மதியம் 2.05

நேத்து கெடுக்காதுன்னு ஒத்த வார்த்தைல ஆரம்பிச்சிட்டேன், ராத்திரி பூரா உறுத்திச்சு. கிட்னிய கெடுக்காதுன்றது சரி. ஆனா அந்த மாத்திரையால ஒண்ணுமே ஆகாதுன்னு படிக்கறவங்க எடுத்துக்கக் கூடாது. ஆரம்பத்துல நிறைய பேருக்கு வயித்தால போகும், குமட்டும், சாப்பாட்டோட எடுத்தா குறையும். ரொம்ப வருஷம் சாப்ட்டா சிலருக்கு பி12 சத்து குறையும், அதுலயும் கை கால் மரத்துப் போகலாம், அதனால வருஷத்துக்கு ஒருவாட்டி அதையும் பாத்துடறது நல்லது. இதையெல்லாம் மறைச்சு "ஒண்ணும் ஆகாது"ன்னு சொன்னா, அந்தம்மாவுக்கு நாளைக்கு வயித்தால போனதும் நம்ம சொன்ன மத்ததும் பொய்யாயிடும்.

இங்க ஒருத்தர் "எல்லாம் இங்கிலீஷ் கெமிக்கல், மூலிகைதான் நம்ம உடம்புக்கு ஒத்துக்கும்"னு எழுதி இருக்கார். ஐரோப்பால ஒரு செடிய காலங்காலமா சுகர் மாதிரி தொந்தரவுக்கு குடுத்துகினு இருந்தாங்க, அதுல இருந்த சரக்க ஆராய்ஞ்ச வழிலதான் மெட்ஃபார்மின் வந்துச்சு. பிரான்ஸ்ல ழான் ஸ்டெர்ன்னு ஒரு டாக்டர் 1957ல அத சுகர் பேஷண்டுக்கு குடுத்துப் பாத்து எழுதினார். மூலிகை, கெமிக்கல்னு நடுவுல கோடு போட்டு பிரிக்கற அளவுக்கு விஷயம் சுலபம் இல்லீங்க. ஆவாரம்பூ தண்ணி குடிக்கட்டும், நான் வேணாம்னு சொல்லல, எங்க வீட்லயும் குடிக்கறோம். அத குடிக்கறோமேன்னு மாத்திரைய நிறுத்தறதுதான் வேணாம்.

ஏப்ரல் 22, இரவு 11.30

தம்பி, கத்தினேன்னு எழுதி இருந்த இல்ல, அதுக்குதான் இந்த நீளமான பதிவு. நானும் கத்தினவதான்.

எங்க பெரியப்பா லுங்கி நெசவு, குழித்தறில உக்காந்து நாப்பது வருஷம் மிதி மிதிச்ச கால் அவருது. சுகர் வந்து 14 வருஷம் ஆவுது. ரெண்டு வருஷம் முன்னாடி எங்க ஃபேமிலி குரூப்ல அவரே ஒரு ஃபார்வேர்டு போட்டார், கோவக்காய் சாறு 21 நாள் குடிச்சா இன்சுலின் ஊசியே தேவ இல்லன்னு. நான் என்னா பண்ணேன்? மெடிக்கல்ல வேல செய்யறோம்ன்ற திமிர்ல, நாப்பது பேர் இருக்கற குரூப்ல, "பெரியப்பா, இந்த மாதிரி குப்பைய எல்லாம் போடாதீங்க, படிச்சவங்க பாத்தா சிரிப்பாங்க"ன்னு எழுதினேன். பசங்க நாலஞ்சு பேர் சிரிக்கற பொம்மை போட்டாங்க. அவர் ஒண்ணும் பதில் சொல்லல. அன்னில இருந்து குரூப்ல எதுவும் போடறதில்ல. அடங்கிட்டார்னு நெனச்சு சந்தோஷப்பட்டேன்.

அந்த வருஷம் மார்கழில காலு எரியுதுன்னு இருக்கார். அவருக்கு வேற எங்கயோ இருந்து வந்த ஃபார்வேர்டு, கால் எரிச்சலுக்கு பொறுக்கற சூட்டுல வெந்நீர் எடுத்து கல்லுப்பு போட்டு அரை மணி நேரம் காலை வெக்கணும்னு. வெச்சிருக்கார். சுகர்ல நரம்பு செத்த காலுக்கு சூடே தெரியாது. எரிச்சல் தெரியும், சூடு தெரியாது, அந்த நோயோட கொடுமையே அதுதான். "பொறுக்கற சூடு"ன்னு எழுதினவனுக்கு எது பொறுக்கற சூடுன்னு கால்தான் சொல்லும்னு நெனப்பு. எங்க பெரியப்பா கால் எதையும் சொல்லல. கொதிக்கறதுக்கு கொஞ்சம் முந்தின தண்ணியா இருந்திருக்கும், எல்லாமே அவருக்கு பொறுத்துது.

காலைல பாத்தா ரெண்டு பாதத்துலயும் கொப்புளம். அஞ்சு நாள் யாருக்கும் சொல்லல, வேட்டிய இறக்கிக் கட்டிகினு மஞ்சள வெச்சு மூடி இருக்கார். பெரியம்மாவுக்கு வாடை வந்துதான் தெரிஞ்சுது. நான் ஓடினேன், தோல் உரிஞ்சு சீழ் வெச்சு இருக்கு. "ஏன் பெரியப்பா எனக்கு ஒரு போன் பண்ணல, நான் பத்து நிமிஷத்துல வந்திருப்பேனே"ன்னு அழுதேன். அவர் சொன்னது இன்னிக்கும் காதுல இருக்கு: "நீ திட்டுவியேம்மா."

வலது கால்ல ரெண்டு விரல் எடுத்தாங்க.

அவர அந்த ஃபார்வேர்டு சுட்டுது, சரி. அஞ்சு நாள் தாமதம் ஆனது என்னாலதான். அதனாலதான் சொல்றேன், அம்மாகிட்ட கத்தாத. கத்தினா நிறுத்த மாட்டாங்க, உனக்கு சொல்றத நிறுத்திடுவாங்க.

ஏப்ரல் 22, இரவு 11.52

எழுதாம விட்டது ஒண்ணு. சுகர் இருக்கறவங்க தண்ணி சூட்ட கால வெச்சு பாக்கக் கூடாது, முழங்கைய வெச்சு பாக்கணும், இல்ல வீட்ல இருக்கற வேற யாராவது பாக்கணும். அதைவிட, கால ஊறவெக்கவே வேணாம், தோல் வெடிக்கும். கழுவுங்க, விரல் இடுக்குல துடைங்க, தினம் ராத்திரி பாதத்த கண்ணால பாருங்க. குனிய முடியலன்னா தரைல முகம் பாக்கற கண்ணாடிய வெச்சு பாருங்க.

ஏப்ரல் 25, மாலை 6.20

"படிக்காதவங்கதான் இதெல்லாம் நம்புவாங்க"ன்னு ஒருத்தர் கீழ எழுதி இருக்கார். நான் டி.பார்ம், மருந்தாளுநர் டிப்ளமா படிச்சவ. 2017 பிப்ரவரில தட்டம்மை ரூபெல்லா ஊசி பள்ளிக்கூடத்துல போட்டப்ப, 9 மாசத்துல இருந்து 15 வயசு வரைக்கும் எல்லா பிள்ளைங்களுக்கும்னு சொன்னாங்களே, அப்ப வாட்ஸப் பூரா அந்த ஊசிய பத்திதான், போட்டா பிள்ளைக்கு பின்னாடி குழந்தை பிறக்காது, எங்கயோ பிள்ளைங்க மயங்கி விழுந்துட்டாங்கன்னு. என் பொண்ணு அப்ப நாலாவது. எனக்கு ஊசி பத்தி தெரியும், ரூபெல்லா கர்ப்பத்துல வந்தா வயித்துப் பிள்ளைக்கு கண்ணு காது இதயம் பாதிக்கும்னு பரீட்சைல எழுதி இருக்கேன். இருந்தும் அன்னிக்கு காலைல அவளுக்கு வயித்து வலின்னு சொல்லி ஸ்கூலுக்கு அனுப்பல. அந்த வாய்ஸ் நோட்டு என் சொந்த நாத்தனார் குரல்ல வந்துது, அழுதுகினே பேசினா. பாடப் புத்தகம் அழுவாது இல்ல? தமிழ்நாட்டுல நிறைய பேர் அப்டி பண்ணதால முகாம மாசக் கடைசியோட முடிக்காம நீட்டிச்சாங்க, அந்த நீட்டிச்ச நாள்லதான் நான் போட்டுவிட்டேன்.

2021 ஏப்ரல்லயும் அதேதான். நடிகர் விவேக் 15ம் தேதி கொரோனா ஊசி போட்டுகினார், 17ம் தேதி காலைல இறந்துட்டார். அதுக்கப்புறம் பத்து நாள் எங்க கடைல மாத்திரை கேட்டவங்கள விட, ஊசி போடலாமா வேணாமான்னு கேட்டவங்கதான் அதிகம். அது மாரடைப்பு, ஊசிக்கும் அதுக்கும் சம்பந்தம் இல்லன்னு மத்திய அரசோட குழு சொன்னது அந்த வருஷம் அக்டோபர்ல. ஏப்ரல்ல வந்த பயத்துக்கு அக்டோபர்ல பதில் வந்தா யார் படிக்கறது? நடுவுல ரெண்டாவது அலையே வந்துட்டு போயிடுச்சு.

நம்பறதுக்கு படிப்பு காரணம் இல்ல, யார் குரல்ல வருதுன்றதுதான் காரணம்னு நான் நெனக்கறேன். டாக்டர் நமக்கு மூணு நிமிஷம் குடுப்பார், வெளில எம்பது பேர் உக்காந்திருப்பாங்க, அவரையும் குத்தம் சொல்ல முடியாது. அத்தை அரை மணி நேரம் போன்ல பேசுவாங்க.

ஏப்ரல் 26, காலை 7.10

டெங்குக்கு நிலவேம்பு குடிக்கலாமான்னு கேட்டவருக்கு: நிலவேம்புக் குடிநீர்னா வெறும் நிலவேம்பு இலை இல்ல, வெட்டிவேர், பற்படாகம், கோரைக்கிழங்கு, சுக்கு, மிளகுன்னு சேத்து மொத்தம் 9 சரக்கு. டெங்கு நேரத்துல அரசாங்கமே குடுத்துது. குடிங்க. ஆனா டெங்குல ஆபத்தான நேரமே காய்ச்சல் விட்டப்புறம் வர ஒண்ணு ரெண்டு நாள்தான். காய்ச்சல் போச்சு, கசாயம் வேல செஞ்சிடுச்சுன்னு வீட்ல படுக்க வெச்சுடறாங்க. வயித்து வலி, விடாத வாந்தி, பல்லுல மூக்குல ரத்தம், இதுல எது இருந்தாலும் அந்த நிமிஷமே ஆஸ்பத்திரி. அப்புறம் டெங்கு சந்தேகம் இருந்தா காய்ச்சலுக்கு பாராசிட்டமால் மட்டும்தான், வலி ஊசி, ஆஸ்பிரின், புரூஃபென் கூடவே கூடாது. "காய்ச்சலுக்கு ஒரு செட்டு போட்டு குடு"ன்னு கேக்கறவங்களுக்கு நான் குடுக்கறதில்ல, அதுக்காக வாடிக்கை போனாலும் போவட்டும்.

ஏப்ரல் 26, இரவு 9.45

விஷயம் எங்கயோ போவுது, இருந்தாலும் சொல்லிடறேன். இன்னிக்கு கடைக்கு வந்த ஒரு அண்ணன், பையன நாய் கடிச்சு நாலு நாள் ஆவுது, சுண்ணாம்பு தடவி வெச்சிருக்கார். ஏன் ஊசி போடலன்னா, "தொப்புள சுத்தி 14 ஊசி, பச்ச பிள்ள தாங்குமா"ன்றார். அந்த ஊசிய நிறுத்தி இருபது வருஷத்துக்கு மேல ஆச்சு! இப்ப கைலதான் போடறாங்க, அரசு ஆஸ்பத்திரில தோலுக்குள்ள போடற ஊசின்னா 0, 3, 7, 28 நாள் கணக்கு, காசு இல்ல. கடிச்ச உடனே குழாய திறந்து விட்டு சோப்பு போட்டு 15 நிமிஷம் கழுவணும், சுண்ணாம்பு மிளகாப்பொடி எதுவும் வெக்கக் கூடாது. காயத்துல ரத்தம் வந்திருந்தா காயத்தை சுத்தி போடற இன்னொரு மருந்தும் உண்டு, அத கேட்டு வாங்கணும். ரேபிஸ் வந்தப்புறம் காப்பாத்த வழியே இல்ல. நானே ஆட்டோ பிடிச்சு அனுப்பி வெச்சேன். அந்த பழைய ஊசி பயத்த எந்த வாட்ஸப்பும் பரப்பல, நம்ம பாட்டிங்களே வாய் வழியா பரப்பினது, அது இன்னும் உயிரோட இருக்கு.

மே 1, காலை 11.00

"ஃபார்வேர்டு தானே, பிடிக்கலன்னா விட்டுட்டு போங்க"ன்னு எழுதினவருக்கு ஒண்ணே ஒண்ணு. 2018 மே மாசம் போளூர் பக்கம் அத்திமூர்ல, குலதெய்வம் கோயிலுக்கு வந்த ஒரு வயசான அம்மா பிள்ளைங்களுக்கு சாக்லேட் குடுத்தாங்கன்னு, பிள்ளை பிடிக்கறவங்கன்னு அடிச்சே கொன்னாங்க. அப்ப நம்ம வேலூர், திருவண்ணாமலை பக்கம் எல்லார் போன்லயும் அந்த வாய்ஸ் நோட்டு இருந்துது. என் போன்லயும் இருந்துது. அந்த வருஷம் ஜூலைலதான் வாட்ஸப் இந்தியால ஒரே நேரத்துல அஞ்சு பேருக்கு மேல அனுப்ப முடியாதுன்னு கொண்டு வந்தாங்க. அதுக்கப்புறமும் என்னால "தானே"ன்னு சொல்ல முடியல.

மே 4, இரவு 10.15

பெரியப்பா இப்ப எப்டி இருக்கார்னு நாலு பேர் கேட்டுட்டீங்க. புண்ணு ஆறிடுச்சு. ஆனா ஆறினப்புறம்தான் பெரிய சண்டை. எம்சிஆர் செருப்பு போடச் சொன்னாங்க, அந்த மெத்துனு ரப்பர் வெச்சு பின்னாடி வார் கட்டற செருப்பு. பெரியப்பா தூக்கி வாசல்ல போட்டுட்டார். "இது குஷ்டக்காரங்க செருப்பு, நான் போட்டுகினு நடந்தா தெருவுல என்னான்னு நெனப்பாங்க"ன்றார்.

அவர் சொன்னதுலயும் ஒரு உண்மை இருக்கு. நம்ம வட ஆற்காடு பக்கம் தொழுநோய் அதிகமா இருந்த ஊரு, காட்பாடி தாண்டி கரிகிரி ஆஸ்பத்திரி 1955ல இருந்து அதுக்குன்னே வேல செஞ்ச இடம், அந்த செருப்ப அங்க போட்டவங்களதான் அவர் சின்ன வயசுல இருந்து பாத்திருக்கார். பால் பிராண்ட்னு ஒரு டாக்டர் 1946ல வேலூர் சிஎம்சிக்கு வந்தார். தொழுநோய்ல விரல் தானா அழுகி விழுதுன்னுதான் அதுவரைக்கும் உலகமே நெனச்சுது. அவர் பக்கத்துல இருந்து பாத்து கண்டுபிடிச்சது, சதைய நோய் அழுக வெக்கல, வலி தெரியாததால சூடு பட்டு, ஆணி குத்தி, கவனிக்காம விட்டு விட்டு போவுதுன்னு. தூங்கறப்ப எலி கடிக்கறதுகூட தெரியாம விரல் போனவங்க இருந்தாங்களாம், அதுக்கு பூனை வளக்கச் சொன்னாங்களாம். அந்த பாடத்தத்தான் இன்னிக்கு சுகர் காலுக்கும் சொல்றாங்க.

இத நான் குரூப்ல எழுதல. ஒரு ஞாயித்துக்கிழமை டீ போட்டு குடுத்து திண்ணைல உக்காந்து சொன்னேன், முழுசா ஒரு மணி நேரம். கேட்டுட்டு, "அப்ப அவங்களுக்கும் எனக்கும் ஒரே கஷ்டம்தானா"ன்னார். ஆமா பெரியப்பான்னேன். ரொம்ப நேரம் பேசல. சின்ன வயசுல தெருவுல பிச்சைக்கு வந்த ஒரு தொழுநோய்க்காரர கல்லால அடிச்சு விரட்டினத சொன்னார், அந்தாளோட கால் எப்டி இருந்துதுன்னு சொன்னார். மறுநாள் செருப்ப எடுத்து துடைச்சு வெச்சிருக்காருன்னு பெரியம்மா போன் பண்ணாங்க.

மே 9, மாலை 4.30
ஆம்பூர் தம்பி

அக்கா, ரிசல்ட் வந்துடுச்சு. கிரியாட்டினின் 0.8, ஆல்புமினும் நார்மல். ஆனா எச்பிஏ1சி 10.1. நீங்க சொன்ன மாதிரி உன் கிட்னிய பாக்கலாம் வான்னுதான் கூப்ட்டேன். போற வழில அம்மா அவங்களே சொன்னாங்க, அவங்க தம்பி டயாலிசிஸ்ல இருந்து இறந்தவர், கடைசி ஆறு மாசம் கூட இருந்தது அம்மாதான். இத்தன நாள் எனக்கு அது தோணவே இல்ல.

மே 9, இரவு 10.05

தோணாது தம்பி, நமக்கு வீடியோதான் கண்ணுக்கு தெரியும். உங்க மாமாவ பாத்து வந்த பயத்துக்கு உங்கம்மா இவ்ளோ நாள் தனியா பதில் தேடிகினு இருந்திருக்காங்க.

கிட்னி நல்லா இருக்கு, ஒம்போது வருஷம் மாத்திரை சாப்ட்டும் நல்லா இருக்கு, இத அவங்க கைல பேப்பரா குடு. 10.1ன்றது மூணு மாச சராசரி, அதிகம், உடனே டாக்டர பாக்கணும், பழைய அளவ நீயா ஆரம்பிக்காத. மருந்து தொடர்ந்து கிடைக்க கஷ்டம்னா, மக்களைத் தேடி மருத்துவத்துல பேர் குடு, 2021ல இருந்து சுகர் பிரஷர் மாத்திரை வீட்டுக்கே கொண்டாந்து தராங்க. வர அக்காங்க கிட்ட உங்கம்மா மனசு விட்டு பேசுவாங்க, அது உன்னையும் என்னையும் விட நல்லா வேல செய்யும்.

அத்தைய குரூப்ல எதுவும் கேக்காத.

மே 16, காலை 6.50

நேத்து எங்க ஊர் கெங்கையம்மன் சிரசு, அம்மன் தலைய ஊர்வலமா கொண்டு போற திருவிழா, வைகாசி 1. வருஷா வருஷம் பெரியப்பா வெறுங்கால்லதான் கூட போவார், வேண்டுதல். தார் ரோடு கொதிக்கும், வழி பூரா தேங்காய உடைப்பாங்க, ஓடு சில்லு சில்லா கெடக்கும். ஒரு வாரமா எனக்கு தூக்கமில்ல. எதுவும் சொல்லக் கூடாதுன்னு பல்ல கடிச்சுகினு இருந்தேன்.

அவரே போன் பண்ணார், "அம்மா கோச்சுக்க மாட்டா இல்ல, செருப்பு போட்டுகினு ஓரமா நின்னு கும்புடறேன்"னு. எந்த அம்மாவ சொன்னார்னு கேக்கல. தெரு முனைல நின்னார், சிரசு தாண்டற வரைக்கும் கைய இறக்கல. பக்கத்துல நின்ன ஒரு மாமா, அவருக்கும் சுகர், இன்னாபா இது செருப்புன்னு கேட்டார். பெரியப்பா வார அவுத்து கழட்டி, உள்ள இருக்கற ரப்பர அமுக்கி காட்டிகினு இருந்தார். பாதத்தையும் தூக்கி காட்டினார், ரெண்டு விரல் இல்லாத பாதத்த, தெருவுல, அத்தன பேர் நடுவுல.

மே 18, இரவு 9.20
ஆம்பூர் தம்பி

அம்மா மாத்திரை ஆரம்பிச்சு ஒரு வாரம் ஆவுது, டாக்டர் அளவு மாத்தி குடுத்தார். ஆவாரம்பூ தண்ணியும் குடிக்கறாங்க. நேத்து அத்தை எனக்கு தனியா போன் பண்ணாங்க, குரூப்ல சொல்லிடாதடான்னு. அவங்களுக்கும் ஆறு மாசமா பாதம் மரத்து இருக்காம், யாருகிட்டயும் சொல்லலயாம். எங்க காட்டறதுக்கா?

மே 18, இரவு 9.24

நாளைக்கு காலைல வெறும் வயித்துல கூட்டிகினு வா. ரத்தம் குடுத்ததும் சாப்ட ஏதாவது கட்டி எடுத்துக்க. பழைய சீட்டு எதுனா இருந்தா அதையும். குடியாத்தம் பஸ் ஸ்டாண்டுல இறங்கி எனக்கு போன் பண்ணு, கடைய தம்பிகிட்ட விட்டுட்டு நானே கூட வரேன்.